உங்கள் எழுத்தை நீங்களே குழுவில் பகிர்வது: நீக்கப்பட்ட ஒரு பதிவை வைத்துக் கொஞ்சம் பேசலாம்

எங்கள் கேள்விப் பெட்டிக்கு வந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி நான் எழுதிய ஒன்பது சிறுகதைகளைத் தொகுத்து, கிண்டிலில் மின்னூலாகப் போட்டேன். ஃபேஸ்புக், வாட்ஸப் என்று பதினோரு வாசகர் குழுக்களில் இணைப்பைப் பகிர்ந்தேன். நான்கில் நீக்கிவிட்டார்கள். ஒன்றில் என்னையே வெளியேற்றிவிட்டார்கள். மற்றவற்றில் இரண்டு மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டதோடு சரி. நம் எழுத்தை நாமே பகிர்வது அவ்வளவு பெரிய குற்றமா? இனி நான் என்ன செய்யலாம்?"

குற்றமே இல்லை. ஆனால் உங்கள் பதிவை நீக்கிய அட்மின்கள் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஒரு வாசகர் குழுவை எட்டு வருடமாக வேறு இரண்டு பேரோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன் (உங்கள் பதினொன்றில் அது இல்லை). அதனால் அந்தப் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போட்ட பதிவு இது: "அனைவருக்கும் வணக்கம். எனது முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் பேராதரவை வேண்டுகிறேன். வாங்கிப் படித்து ஐந்து நட்சத்திரம் அளிக்கவும். நண்பர்களுக்கும் பகிரவும். நன்றி." அதன் கீழே இணைப்பு.

இதைப் பார்த்ததும் அட்மின் உங்கள் கதையைப் படிக்கப் போகமாட்டார். உங்கள் பெயரைத் தொட்டுப் பார்ப்பார். எப்போது சேர்ந்தார்? நேற்று. இதற்கு முன் இங்கே என்ன எழுதியிருக்கிறார்? ஒன்றும் இல்லை. யாருக்காவது ஒரு வரி பதில் போட்டிருக்கிறாரா? இல்லை. இதே பதிவை வேறு எங்காவது போட்டிருக்கிறாரா? அதைத் தேடவே வேண்டியதில்லை, ஏனென்றால் அட்மினும் உங்கள் பதினோரு குழுக்களில் ஆறில் உறுப்பினர். காலையில் பல் தேய்ப்பதற்குள் அவர் போனில் உங்கள் வணக்கம் ஆறு முறை வந்துவிட்டது. தமிழில் புத்தகம் வாங்கிப் படித்து அதைப் பற்றிப் பேசுகிற கூட்டம் நாம் நினைப்பதைவிடச் சின்னது. குழுக்கள்தான் நிறைய, ஆட்கள் கிட்டத்தட்ட அதே ஆட்கள்.

அப்புறம், அந்தப் பதிவில் உப்பளம் என்ற சொல்லே இல்லை. கவனித்தீர்களா? உங்கள் கதைகளில் இருக்கிற ஒரே தனித்த விஷயம் அதுதான். அதை எங்கள் கேள்விப் பெட்டியில் எழுதியிருக்கிறீர்கள், அந்தக் குழுக்களில் எழுதவில்லை. அங்கே உங்கள் மகிழ்ச்சி இருந்தது, உங்களுக்கு வேண்டிய ஆதரவு இருந்தது, உங்களுக்கு வேண்டிய நட்சத்திரம் இருந்தது. படிக்கிறவருக்கு என்று ஒன்றும் இல்லை. நான் பதிவுகளை எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்: இணைப்பைத் தொடாமல் கடந்துபோகிற ஆளுக்கும் இதில் ஏதாவது கிடைக்கிறதா? கிடைத்தால் அது பகிர்வு. இல்லையென்றால் அது பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கிற நோட்டீஸ்.

ஒரே விஷயத்தை எல்லா இடத்திலும் ஒட்டுவது ஏன் இவ்வளவு எரிச்சலைக் கிளப்புகிறது என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1994 ஏப்ரல் 12 அன்று, அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த லாரன்ஸ் கான்டர், மார்த்தா சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையில் இருந்த ஆயிரக்கணக்கான செய்திக் குழுக்களில் ஒரு விளம்பரத்தைப் போட்டார்கள். கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) லாட்டரிக்கு விண்ணப்பிக்க நாங்கள் உதவுகிறோம், கட்டணம் இவ்வளவு என்று. அந்த லாட்டரிக்கு அப்போது சும்மாவே விண்ணப்பிக்க முடிந்தது என்பது வேறு விஷயம். யூஸ்நெட்டில் ஒரு செய்தியைப் பல குழுக்களுக்குச் சேர்த்து அனுப்ப வழி உண்டு. அப்படி அனுப்பினால், ஒரு குழுவில் பார்த்தவருக்கு அடுத்த குழுவில் அது திரும்ப வராது. இவர்கள் அப்படிச் செய்யாமல் ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியாகப் போட்டார்கள். நாய் வளர்ப்பு பற்றிப் பேசுகிற குழுவிலும் அது, கணக்குப் பேசுகிற குழுவிலும் அது. கோபத்தில் மக்கள் அனுப்பிய அஞ்சல்களின் கனம் தாங்காமல், அவர்களுக்கு இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் கணினி படுத்துவிட்டது. நிறுவனம் அவர்கள் கணக்கை மூடியது. மூன்று வருடம் கழித்து டென்னசி மாநிலம் கான்டரின் வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்தபோது சொன்ன காரணங்களில் அந்த விளம்பரமும் ஒன்று.

உங்களை அவர்களோடு ஒப்பிடவில்லை. நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஆறாவது முறை அதே வணக்கத்தைப் பார்க்கிற ஆளின் மனநிலை 1994இலும் இதுதான், இப்போதும் இதுதான். எழுதியது ஒரு ஆள், செலவானது ஆயிரம் பேரின் நேரம் என்கிற கணக்கு அவருக்கு உடனே உறைக்கிறது. நமக்கு உறைப்பதில்லை, ஏனென்றால் நாம் ஒரே ஒருமுறைதான் எழுதினோம், மிச்சம் நகலெடுத்து ஒட்டியது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் நேர் எதிர்ப்பக்கம் ஓடிவிடுவார்கள். "நம்மைப் பற்றி நாமே பேசுவது அசிங்கம், எழுத்து நன்றாக இருந்தால் தானாகப் போய்ச் சேரும்" என்று. சேராது. கிண்டிலில் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் உங்கள் சித்தப்பா மகன்கூடக் கண்டுபிடிக்க மாட்டான்.

இதில் நம் இலக்கணக்காரர்கள் நாம் நினைப்பதைவிட நிதானமாக இருந்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் (முன்னுரை) பகுதியில் இதற்கென்றே நூற்பா இருக்கிறது. "தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி யன்றே." இதுவரை யாருக்கும் தோன்றாததைத் தோன்றச் செய்து, பல துறைகளையும் முடித்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழக் கூடாது. பள்ளியில் இதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகள் கொடுத்திருக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதாடி வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கு இடத்திலும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது விலக்கைப் பாருங்கள். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில். புதிதாக எழுத வந்தவர் நிற்கிற இடம் அதேதான். ஆக, உங்களுக்கு அனுமதி உண்டு. எண்ணூறு வருடப் பழைய அனுமதி. ஆனால் அந்த அனுமதி எதற்கு? ஆற்றலைத் தெரியப்படுத்துவதற்கு. 'ஆதரவு தாருங்கள்' என்றால் எந்த ஆற்றலும் தெரியவில்லை. ஒரு பத்தி கதையைக் காட்டினால் தெரியும்.

தன்னைத் தானே புகழக் கூடாது என்கிற நூற்பாவுக்கு முந்தின நூற்பா இன்னும் சுவாரசியம். ஒரு நூலைப் பாராட்டிச் சிறப்புப் பாயிரம் எழுத யாருக்கு உரிமை என்று அங்கே வகுத்திருக்கிறார்: எழுதியவரின் ஆசிரியர், அவரோடு கூடப் படித்தவர், அவருடைய மாணவர், தகுதியுள்ள உரைகாரர். நாலு பேருமே நூலையோ எழுதியவரையோ கிட்டத்திலிருந்து அறிந்தவர்கள். பாராட்டு யார் வாயிலிருந்து வருகிறது என்பது அப்போதே பிரச்சினையாக இருந்திருக்கிறது. இதற்குப் பிறகு வருகிறேன், நட்சத்திரம் பற்றிச் சொல்லும்போது.

தன் வேலையைக் கொண்டுவந்து வைப்பது எப்படி என்பதற்கு நான் எல்லோருக்கும் காட்டுவது ஒரு கணினிக்காரரின் பதிவை. 1991 ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் ஒருவர், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களின் செய்திக் குழுவில் எழுதுகிறார். முதல் வரியே மினிக்ஸ் பயன்படுத்துகிற எல்லோருக்கும் வணக்கம் என்று, கூப்பிடுவது யாரை என்பதில் குழப்பமே இல்லாமல். நான் இலவசமாக ஒரு இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன், வெறும் பொழுதுபோக்குதான், க்னூ என்ற இலவச மென்பொருள் திட்டம் மாதிரிப் பெரிதாகவோ தொழில்முறையாகவோ வராது என்கிறார். மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன, சொல்லுங்கள் என்று கேட்கிறார். நீங்கள் கேட்பதையெல்லாம் செய்வேன் என்று உறுதி தரமாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கடைசியில், இது வேறு வகைக் கணினிகளில் ஓடாது, ஒரு குறிப்பிட்ட வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறு எதையும் ஒருபோதும் ஆதரிக்காமலே போகலாம் என்று குறையையும் தானே சொல்லிவிடுகிறார். அவர் லினஸ் டார்வால்ட்ஸ். அந்தப் பொழுதுபோக்குதான் இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிற லினக்ஸ்.

இதில் எனக்குப் பிடித்தது அடக்கம் மட்டும் இல்லை. அவர் அதற்கு முன்பே அந்தக் குழுவில் புழங்கியவர். ஜூலை மாதம் அங்கேயே வந்து இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை பற்றி ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். சரியான குழுவைத் தேர்ந்தெடுத்தார், ஒரே குழுவை. ஆதரவு கேட்கவில்லை, கருத்துக் கேட்டார். அதுவும் பொதுப்படையாக 'உங்கள் மேலான கருத்துகளை' என்று இல்லாமல், உட்கார்ந்து பதில் எழுதத் தோன்றுகிற கேள்வியாக. என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நேராகச் சொன்னார். நம் புலவர்கள் காப்பியத் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுவார்களே, அந்த வேலையைத்தான் அந்தக் கடைசி வரி செய்கிறது. அவையடக்கம் பொய்ப் பணிவு இல்லை. எதிரே இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும் என்று ஒப்புக்கொள்வது.

சரி, உங்கள் பதிவுக்கு வருவோம். கிண்டிலில் இலவசமாகக் காட்டுகிற மாதிரிப் பக்கங்களைப் படித்தேன். முதல் கதையில் பேச்சியம்மாள் உப்பளத்து வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று திருவிழாக் கடையில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறாள். மொத்த அளமும் சிரிக்கிறது. மேஸ்திரி 'சினிமாக்காரி' என்று கூப்பிட ஆரம்பிக்கிறார். எனக்கு அங்கேயே கதை பிடித்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு 'பேராதரவை வேண்டுகிறேன்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் சீக்கிரம் கெடும். தரையும் வெள்ளை, உப்பும் வெள்ளை, மேலே வெயில். என் ஊரில் ஒரு அக்கா கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உப்பு வார வந்தார். மூன்றே நாளில் கிண்டல் தாங்காமல் கழற்றிவிட்டார். அதை வைத்து நான் எழுதிய கதையின் முதல் பக்கத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன். இதுபோல ஒன்பது கதைகளை மின்னூலாகப் போட்டிருக்கிறேன், இது என் முதல் புத்தகம். இணைப்பு முதல் பின்னூட்டத்தில். வேதாரண்யம், மரக்காணம் பக்கத்து அளங்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒன்று கேட்க வேண்டும்: மழைக்காலத்தில் வேலை இல்லாத மாதங்களில் அங்கே என்ன செய்வார்கள்?"

நீளமாக இருக்கிறதுதான். ஆனால் இணைப்பைத் தொடாதவருக்கும் ஒரு கூலிங் கிளாஸ் மிஞ்சுகிறது. கடைசிக் கேள்வி உண்மையிலேயே உங்களுக்குப் பதில் வேண்டிய கேள்வியாக இருக்க வேண்டும். பதிவைக் கலகலப்பாக்குவதற்காகக் கேட்கிற கேள்வியை ஜனங்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். உங்கள் அடுத்த கதைக்கு இந்த விவரம் தேவைப்படும் என்று நினைத்துத்தான் இதைப் போட்டேன். தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் மின்னூலை அமேசானின் கேடிபி செலக்ட் (மின்னூலைக் கிண்டிலில் மட்டுமே தருவேன் என்று ஒப்புக்கொள்கிற) திட்டத்தில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் 90 நாளுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. மாதிரியாகப் பத்து சதவீதம் வரை வெளியே காட்டலாம். ஒன்பது கதைகளில் ஒரு முழுக் கதையைக் குழுவில் போட்டால் அந்த அளவைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். முதல் பக்கம் போதும். அதே திட்டத்தில் ஒவ்வொரு 90 நாளிலும் ஐந்து நாள் நூலை இலவசமாகக் கொடுக்கலாம். குழுவில் சொல்ல நல்ல நேரம் அந்த ஐந்து நாள்தான். "இன்றும் நாளையும் இலவசம், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் எந்த அட்மினும் முகம் சுளிக்க மாட்டார். நான் சுளித்ததில்லை.

இப்போது நட்சத்திரம். படிக்கும் முன்பே ஐந்து போடுங்கள் என்று கேட்பது, சாப்பிடும் முன்பே 'நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க' என்று கேட்பது. அமேசான் விதிப்படியே குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் விமர்சனம் எழுதக் கூடாது. காசு கொடுத்து எழுதச் சொல்லக் கூடாது. நீ எனக்கு எழுது நான் உனக்கு எழுதுகிறேன் என்ற பண்டமாற்றும் கூடாது. இலவசப் பிரதி கொடுக்கலாம், ஆனால் பதிலுக்கு விமர்சனம் வேண்டும் என்று நிபந்தனை போட முடியாது. எழுத்தாளர் குழுக்களில் இந்தப் பண்டமாற்று வெளிப்படையாக நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். நீங்கள் அதில் சேராதீர்கள். ஒருவர் பெயரை மறைத்துக்கொண்டு, 'தற்செயலாகக் கண்ணில் பட்டது, என்ன ஒரு எழுத்து!' என்று தன் நூலையே பாராட்டி எங்கள் குழுவில் எழுதினார். மூன்றாவது பின்னூட்டத்தில் 'என்' கதை என்று கை தவறித் தட்டிவிட்டார். அதோடு போனவர்தான். நூல் உண்மையிலேயே சுமாராக நன்றாக இருந்தது என்பதுதான் இதில் வருத்தம். 'இது நான் எழுதியது' என்று முதல் இரண்டு வரிக்குள் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. உங்கள் மனைவியோ தம்பியோ பகிர்ந்தாலும் அவர்களும் உறவைச் சொல்லிவிட வேண்டும். 'எல்லோரும் போய் லைக் போடுங்கள்' என்று தனியே நண்பர்களுக்குச் செய்தி அனுப்புவதும் இதே வகைதான். மென்பொருள்காரர்கள் கூடுகிற ஹேக்கர் நியூஸில் அப்படி வாக்குக் கேட்பதற்கு வெளிப்படையாகவே தடை இருக்கிறது.

குழுவில் எத்தனை நாள் புழங்கிவிட்டுத் தன்னுடையதைப் பகிரலாம் என்று கேட்பீர்கள். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஒரு காலத்தில் பத்துக்கு ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பத்துப் பதிவு போட்டால் அதில் ஒன்றுதான் உங்கள் சொந்தச் சரக்காக இருக்கலாம். எண்ணில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு ஒன்பது பேரின் பதிவில் 'அருமை', 'சிறப்பு', 'வாழ்த்துகள் தோழர்' என்று தட்டிவிட்டுப் பத்தாவதாகத் தன் இணைப்பை வைக்கிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அதைவிட, வேறு ஒருவர் புத்தகத்தைப் படித்து நான்கு பத்தி எழுதுங்கள், ஒருமுறை. அந்த ஒன்று போதும், உங்கள் பெயர் எனக்கு நினைவிருக்கும். ஏற்கெனவே பேசிப் பழகியவர் தன் நூலைப் பற்றிச் சொல்லும்போது அது வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைப்பது மாதிரி. பழக்கமே இல்லாதவர் சொன்னால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பாலிசி எடுக்கச் சொல்கிற ஏஜென்ட் மாமா மாதிரி. பாலிசி நல்ல பாலிசியாகவே இருக்கலாம்.

குழு விதிகளைப் படியுங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, மேலே பொருத்தி வைத்திருப்பார்கள். சில குழுக்களில் சொந்த நூல் அறிவிப்புக்கென்று வாரத்தில் ஒரு நாள் இருக்கும். தெளிவாக இல்லையென்றால் அட்மினுக்கு ஒரு வரி: "என் நூலைப் பற்றி ஒரு பதிவு போடலாமா?" இப்படிக் கேட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நான் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

வாட்ஸப் தனி உலகம். ஃபேஸ்புக்கில் உங்கள் பதிவைப் பிடிக்காதவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். வாட்ஸப்பில் அது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் போய் அதிர்கிறது. அதனால் அங்கே போடும் முன் கடைசிப் பத்துச் செய்திகளைக் கட்டாயம் மேலே தள்ளிப் படியுங்கள். எங்கள் குழுவில் ஒருமுறை, மூத்த உறுப்பினர் ஒருவரின் மனைவி இறந்துபோன செய்தி வந்தது. 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆழ்ந்த இரங்கல்' என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் நிற அட்டைப்படம், 'கொண்டாடுவோம் வாங்க!' என்று. போட்டவர் கெட்டவர் இல்லை. மேலே என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வந்தார். அதற்குள் அவரை எல்லோரும் திட்டி முடித்து, அவர் புத்தகத்தையும் மனசுக்குள் மூடி வைத்துவிட்டார்கள்.

வாட்ஸப்பிலேயே இன்னொன்று. ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்ற கட்டுப்பாடு 2018இல் இந்தியாவில் தொடங்கி மறு வருடம் உலகம் முழுக்க வந்தது. வதந்திக்காக வந்த கட்டுப்பாடு, ஆனால் நமக்கும் நல்லதுதான். எழுத்தாளரே தன் நூலை எல்லோருக்கும் ஒரே ஃபார்வர்டாக அனுப்பினால் அதைவிடப் பரிதாபம் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் அதற்கேற்ற மாதிரிப் புதிதாக எழுத உங்களுக்கு நேரம் இல்லையென்றால், அத்தனை குழுக்களில் போட வேண்டியதில்லை என்று அர்த்தம். பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வசதி) பயன்படுத்தலாம். அது உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், அதனால் தெரியாதவர் தலையில் விழாது. கேட்காமல் ஆட்களைப் பிடித்து 'என் வாசகர்கள்' என்று புதுக் குழு ஆரம்பித்துச் சேர்ப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

பகிர்ந்த பிறகு என்ன என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியம். பதிவு போட்ட அன்று மாலை உங்களுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. முதலில் வருகிறவர் கதையைப் பற்றிப் பேச மாட்டார். ஒற்றுப்பிழை சொல்வார். தமிழ்க் குழுக்களில் இது விதி. "இரண்டாம் பத்தியில் வலி மிகும், கவனிக்கவும்." உடனே முகம் சிவக்கும். இரண்டு வருடம் எழுதியிருக்கிறேன், இந்த மனுஷனுக்கு 'ப்' தான் கண்ணில் பட்டதா என்று. பட்டது. ஏனென்றால் அவர் படித்தார். நன்றி சொல்லித் திருத்துங்கள். திருத்திய கோப்பைக் கிண்டிலில் மறுபடி ஏற்றிவிடலாம். அச்சுப் புத்தகத்துக்கு அந்த வசதி இல்லை.

இதில் நான் சறுக்கியிருக்கிறேன். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருந்ததையெல்லாம் இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. நான் ஒரு சின்ன மாற்றுக்கருவி எழுதி, யாகூ குழுமங்களில் மூன்றில் 'தமிழ்க் கணிமைக்கு என் பங்களிப்பு' என்று அறிவித்தேன். ஒரு பெரியவர், "தம்பி, இதையே செய்கிற கருவிகள் முன்னமே இருக்கின்றனவே, பார்த்தீர்களா? உங்களுடையதில் 'கொ' வரிசை உடைகிறது" என்று எழுதினார். நான் பார்த்திருக்கவில்லை. 'கொ' உடைந்ததும் உண்மை. ஆனாலும் எட்டு நாள் சண்டை போட்டேன். கொம்பு, துணைக்கால் என்று பிரிந்து வருகிற அந்த உயிர்மெய்யைச் சரிசெய்ய ஒரு மாலைதான் ஆகியிருக்கும். யாகூ குழுமங்களை 2020 டிசம்பரோடு அடியோடு மூடிவிட்டார்கள். நிறைய நல்ல விஷயங்கள் அதோடு போயின. அந்த எட்டு நாளும் போனதில் மட்டும் எனக்கு வருத்தம் இல்லை.

இதே மாதிரி ஒரு பெயர்பெற்ற உரையாடல் உண்டு. 2007 ஏப்ரலில் ட்ரூ ஹவுஸ்டன், கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கிற தன் டிராப்பாக்ஸை ஹேக்கர் நியூஸில் வைத்தபோது, லினக்ஸ் தெரிந்தவர்கள் இதைத் தாங்களே செய்துகொள்ளலாமே என்று ஒருவர் குறை சொன்னார். டிராப்பாக்ஸ் பெரிதாக வளர்ந்த பிற்காலத்தில் அந்தக் கருத்தை எடுத்துப்போட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. முழு உரையாடலையும் படித்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஹவுஸ்டன் பொறுமையாகப் பதில் சொன்னார். குறை சொன்னவரும் சில இடங்களில் ஒப்புக்கொண்டு, நல்வாழ்த்துச் சொல்லி முடித்தார். முதல் நாளே ஒருவர் உட்கார்ந்து ஓட்டைகளை எண்ணித் தந்திருக்கிறார், அதுவும் இலவசமாக.

அட்டைப்படம் யாருடையது என்பதையும் பதிவில் சொல்லுங்கள். உங்கள் அட்டையில் இருக்கிற உப்புக் குவியல் புகைப்படம் நீங்களே எடுத்ததா, இணையத்தில் எடுத்ததா? இணையத்தில் எடுத்தது என்றால் முதலில் அனுமதியைச் சரிபாருங்கள். ஏஐ வரைந்தது என்றால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. குழுக்களில் இப்போது பாதிச் சண்டை அதில்தான் வெடிக்கிறது. அப்புறம், யாராவது உங்களிடம் 'விக்கிப்பீடியாவில் உங்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டுவிடுங்கள், மதிப்பாக இருக்கும்' என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். தன்னைப் பற்றித் தானே எழுதுவதை அங்கே நலமுரண் (சொந்த நலன் குறுக்கிடுவது) என்று பார்ப்பார்கள், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள்.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். பதினோரு குழுக்களில் ஒன்பதை மறந்துவிடுங்கள். நீங்களே போய்ப் படிக்கிற குழு எது என்று யோசித்தால் இரண்டுதான் தேறும். அந்த இரண்டில் ஒரு மாதம் மற்றவர்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள். உங்களை வெளியேற்றிய குழுவின் அட்மினுக்கு இப்படி ஒன்று அனுப்பலாம்: "நேற்றுச் சேர்ந்து இன்றே விளம்பரம் போட்டது தவறு. விதிகளைப் பார்க்கவில்லை. தொந்தரவுக்கு வருந்துகிறேன்." அவ்வளவுதான். திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் கேட்காதீர்கள், இணைப்பையும் வைக்காதீர்கள். வெறும் மன்னிப்பு மட்டும் வருகிற செய்தி அட்மின்களுக்கு வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். எனக்கு அப்படி எழுதிய இரண்டு பேரையும் நானே திரும்பச் சேர்த்தேன்.

பேச்சியம்மாள் அந்தக் கூலிங் கிளாஸைக் கழற்றி என்ன செய்தாள் என்பதற்கு முன்னால் மாதிரிப் பக்கம் முடிந்துவிட்டது. புத்தகத்தை வாங்கிவிட்டேன். படித்துவிட்டு எழுதுகிறேன், நட்சத்திரம் எத்தனை என்று இப்போதே கேட்காதீர்கள்.